கூதிரூரில் யார் வீட்டு அடுப்பு எரிகிறது?

கேள்வி சுருக்கமாக இது. நண்பர் ஒருவர் கற்பனை உலகக் கதை ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறார். அந்த உலகத்தின் வடகோடியில் கூதிரூர் என்று ஒரு நகரம். ஒரு காலத்தில் வெள்ளிச் சுரங்கத்தால் கொழித்துத் தலைநகராகவும் இருந்தது. இன்று பாழடைந்து கிடக்கிறது. எப்போதும் பனிப்புயல். தெருவெல்லாம் திருடர்கள், ஒரு சத்திரம், வலுவிழந்த ஒரு கிழ மந்திரவாதி. மூன்றாம் அத்தியாயத்தில் எதிரிப் படை வருகிறது. படித்தவர்கள் "குளிரவே இல்லை, அப்படி ஓர் ஊர் இருப்பதாகவே தோன்றவில்லை" என்கிறார்களாம். எங்கே பிழை, எப்படிச் சரிசெய்வது? அவருக்கு என் பதில் இது.

நீங்கள் அனுப்பிய முதல் அத்தியாயத்தில் குளிரைச் சொல்லும் அடைமொழிகளுக்குப் பஞ்சமே இல்லை. எலும்பைத் துளைக்கிறது, ஊசியாய்க் குத்துகிறது, ரத்தத்தை உறைய வைக்கிறது. குறை அங்கே இல்லை. படிப்பவர் மனத்தில் முதல் பக்கத்திலேயே ஒரு கேள்வி எழுகிறது, அதற்கு நீங்கள் பதிலே சொல்லவில்லை: இவ்வளவு குளிரும் வறுமையும் உள்ள இடத்தில் இந்த ஜனங்கள் ஏன் கிடக்கிறார்கள், மூட்டை கட்டிக்கொண்டு தெற்கே போனால் என்ன?

வெப்ப நாட்டில் ஒரு நகரம் தன் காரணத்தைத் தொலைத்த பிறகும் நூற்றாண்டுக் கணக்கில் கிடந்துவிடலாம். ஆறும் வயலும் இருந்தால் போதும். குளிர் நாட்டில் அது நடக்காது. அங்கே ஒவ்வொரு குளிர்காலமும் ஒரு பெரிய செலவு; வருடம் தவறாமல் யாரோ அதைக் கட்டியாக வேண்டும். கட்டுகிறவர் கையை விரித்த அன்றே ஊர் சுருங்கத் தொடங்கும். அந்தச் செலவைக் கட்டுபவர் யார், எந்தத் தெரு வரை கட்டுகிறார், யாருடைய அடுப்பை முதலில் அணைய விடுகிறார் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். கோட்டை, அரண்மனை, கடைவீதி எல்லாவற்றின் வரைபடத்துக்கும் முன்னால் அனல் எங்கே இருக்கிறது என்ற வரைபடத்தைப் போடுங்கள். மீதி தானாக வரும்.

உண்மையில் இருக்கும் ஒரு கூதிரூரைச் சொல்கிறேன். ரஷ்யாவின் கோமி குடியரசில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே உள்ள வொர்குத்தா. 1930களில் நிலக்கரிக்காகத் தொடங்கிய இடம். அதைக் கட்டியவர்கள் விரும்பி வந்தவர்கள் அல்லர், ஸ்டாலின் காலத்துக் கட்டாய உழைப்பு முகாம்களின் கைதிகள். ரயில் பாதை 1941 டிசம்பரில் அங்கே போய்ச் சேர்ந்தது. 1943 இல் நகரம் என்ற தகுதி கிடைத்தது. முகாம்கள் கலைந்த பிறகு சம்பளத்துக்கு ஆட்கள் வந்தார்கள். வடக்கில் வேலை செய்தால் கூடுதல் படி உண்டு, ஓய்வூதியம் சீக்கிரம் கிடைக்கும். நகரத்தைச் சுற்றி வளையமாகச் சுரங்கங்கள். ஒவ்வொரு சுரங்கத்தையும் ஒட்டி ஒரு குடியிருப்பு, பள்ளிக்கூடம், ஒரு கலையரங்கம். 1989 கணக்கெடுப்பில் நகரத்தில் மட்டும் சுமார் 1,15,000 பேர் இருந்தார்கள். சுற்றுக் குடியிருப்புகளையும் சேர்த்தால் 2 லட்சத்துக்கு மேல். சோவியத் ஒன்றியம் உடைந்தது, சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. 2016 இல் செவெர்னயா சுரங்க வெடிவிபத்தில் 36 பேர் இறந்தார்கள்; தீயை அணைக்கச் சுரங்கத்துக்குள் நீரைப் பாய்ச்ச வேண்டியதாயிற்று. 2021 கணக்கெடுப்பில் நகரத்தின் மக்கள் தொகை சுமார் 57,000.

இந்த எண்கள் முக்கியமில்லை. அவற்றுக்கு நடுவே நடந்ததுதான் உங்களுக்குத் தேவை. அறுபது வீடுகள் கொண்ட ஒரு அடுக்கு மாடிக் கட்டடத்தில் எட்டுக் குடும்பங்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன என்று வையுங்கள். அந்த எட்டுக்காகக் கட்டடம் முழுவதற்கும் வெந்நீர்க் குழாயில் சூடு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நிறுத்தினால் குழாய் உறைந்து வெடிக்கும். ஆகவே நிர்வாகம் அந்த எட்டுக் குடும்பங்களையும் நகர நடுவில் காலியாகக் கிடக்கும் வேறு வீடுகளுக்கு மாற்றுகிறது. பிறகு அந்தக் கட்டடத்தின் குழாயை மூடுகிறது. அடுத்த ஆண்டு அடுத்த கட்டடம். இப்படியே வளையத்தில் இருந்த குடியிருப்புகள் பல ஆளற்றுப் போயின. அங்கிருந்து நாட்டின் பிற பகுதிகளுக்குச் சாலை கிடையாது, ரயில்தான். வீட்டை விற்க முடியாது, வாங்க ஆள் வேண்டுமே. சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்கிறார்கள், ஏனென்றால் வீட்டோடு சேர்ந்து அதன் சூட்டுக் கட்டண பாக்கியும் வருகிறது. தெற்கே வீடு வாங்க அரசு மானியம் தருகிறது. அதற்கான வரிசை நீளம். எனவே ஓய்வூதியம் வாங்கும் கிழவர்கள் வரிசை எண்ணை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்.

உங்கள் கூதிரூரில் ஏன் ஜனங்கள் கிடக்கிறார்கள் என்பதற்கு இதுவே பதில். சாபம் வேண்டாம், ஊர்ப்பற்று வேண்டாம். போக வேண்டுமென்றால் வீட்டை விற்க வேண்டும், வாங்க ஆள் இல்லை. அரசன் தருவதாகச் சொன்ன ஏதோ ஒன்று இன்னும் வரவில்லை, ஊரை விட்டால் அந்த உரிமை போய்விடும். பழைய சுரங்கக் கூலி பாக்கி என்று ஒரு ஓலை இருக்கட்டுமே. தாத்தா பெயரில் எழுதியது, பேரன் இன்னும் பெட்டியில் வைத்திருக்கிறான். அந்த ஓலைக்குக் கூதிரூரில் மட்டும்தான் மதிப்பு.

வெள்ளி என்றதால் பொலிவியாவின் பொத்தோசியையும் சொல்ல வேண்டும். ஆண்டீஸ் மலையில் 4,000 மீட்டர் உயரத்தில், மூச்சு வாங்கும் குளிரில் இருக்கும் நகரம். 1545 இல் செர்ரோ ரிக்கோ மலையில் வெள்ளி கண்டுபிடித்தார்கள். பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் வாழ்ந்தார்கள். அன்றைய உலகின் பெரிய நகரங்களில் ஒன்று. 1825 இல் பொலிவியா சுதந்திரம் பெற்றபோது அதில் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. ஆனால் ஊர் சாகவில்லை. வெள்ளிக்காரர்கள் தூக்கி எறிந்த தகரத்துக்குப் பிற்காலத்தில் விலை வந்தது. இன்றும் கூட்டுறவுக் குழுக்கள் அந்த மலையைக் குடைந்துகொண்டே இருக்கின்றன. மலையுச்சி உள்வாங்குகிறது, 2014 இல் யுனெஸ்கோ அதை ஆபத்தில் உள்ள பாரம்பரிய இடங்கள் பட்டியலில் சேர்த்தது. சுரங்க வாயில்களுக்கு வெளியே கழிவுக் கல் குவியல்களில் பெண்கள் உட்கார்ந்து சுத்தியலால் உடைத்து, தாது ஒட்டிய துண்டுகளைப் பொறுக்குகிறார்கள். பலர் சுரங்கத்தில் செத்தவர்களின் விதவைகள். உங்கள் கதையில் வெள்ளி "வற்றிவிட்டது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எந்தச் சுரங்கமும் அப்படி வற்றுவதில்லை. பெரியவர்களுக்குக் கட்டுப்படியாகாத அளவுக்குக் குறைகிறது, பிறகு சின்னவர்கள் எச்சத்தைப் பொறுக்குகிறார்கள். கூதிரூரின் திருடர்களைவிட அந்தக் கழிவுமேட்டுப் பெண்களைப் பற்றித்தான் எனக்குப் படிக்க ஆசை.

அதே போல ஒரே நாளில் அழிந்த நகரம் என்ற எண்ணத்தையும் விடுங்கள். உங்கள் பின்கதையில் ஒரு டிராகன் வந்து ஊரை எரித்துப் பாழாக்கியது என்று வருகிறது. துருக்கியின் கிழக்கு எல்லையில், கார்ஸ் பக்கத்துக் குளிர் மேட்டுநிலத்தில் அனி என்ற ஆர்மீனிய நகரத்தின் இடிபாடுகள் இருக்கின்றன. 961 இலிருந்து தலைநகர். 1064 இல் செல்ஜுக் துருக்கியர் சூறையாடினார்கள், ஊர் எழுந்துகொண்டது. பிறகு மங்கோலியர் வந்தார்கள். அப்போதும் ஊர் மிஞ்சியது. 1319 நிலநடுக்கத்தில் பேராலயத்தின் குவிமாடம் விழுந்தது. வணிகப் பாதை வேறு பக்கம் திரும்பியது; அதுதான் ஊரை முடித்தது. கடைசியில் அந்த இடத்தைப் பயன்படுத்தியவர்கள் ஆட்டு இடையர்கள். டிராகனை வைத்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் டிராகன் எரித்ததை ஜனங்கள் மறுபடி கட்டினார்கள், வணிகர்கள் வராமல் போனதும்தான் கைவிட்டார்கள் என்று எழுதினால் நம்புவேன்.

இனி குளிருக்கு வருகிறேன். பெரும்பாலானவர்கள் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் விஷயம் ஒன்று இதில் இருக்கிறது. கடுங்குளிர் கட்டடங்களை இடிப்பதில்லை, பாதுகாக்கிறது. வடதுருவப் பக்கம் உள்ள நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில் பிரமிடென் என்ற சோவியத் நிலக்கரி ஊர் இருந்தது. உச்ச காலத்தில் ஆயிரம் பேருக்கு மேல். 1998 இல் மூடிவிட்டுப் போனார்கள். பல ஆண்டுகள் கழித்துப் போய்ப் பார்த்தவர்களும் அரங்கில் பியானோ நிற்பதை, லெனின் சிலை அதே பீடத்தில் கடலைப் பார்ப்பதைக் கண்டார்கள். ஜன்னல் விளிம்புகளில் கடற்பறவைகள் வரிசையாகக் கூடு கட்டியிருக்கின்றன, அவ்வளவுதான் மாற்றம். நம் பக்கத்தில் ஒரு வீட்டைப் பத்து மழைக்காலம் பூட்டி வைத்தால் கரையானும் ஆலங்கன்றும் சேர்ந்து அதை முடித்துவிடும். அங்கே கரையான் இல்லை, மரம் இல்லை, பூஞ்சைக்கும் வாய்ப்புக் குறைவு.

இடிப்பது உருகல்தான். தண்ணீர் உறையும்போது பருமன் ஏறத்தாழ 9 சதவீதம் கூடும். பகலில் சுவர் விரிசலுக்குள் இறங்கிய நீர் இரவில் உறைந்து விரிசலை அகட்டும். மறுநாள் இன்னும் கொஞ்சம் நீர் இறங்கும். மைனஸ் நாற்பதிலேயே நிலையாக நிற்கும் ஊரில் இது நடக்காது. பூஜ்யத்துக்கு மேலும் கீழுமாக ஊசலாடும் மாதங்களில்தான் நடக்கும். மண்ணின் கதையும் இதேதான். சைபீரியாவின் பெரும்பகுதியில் மேல்மண்ணுக்குக் கீழே நிலம் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கிறது. யாகுத்ஸ்க் நகரில் ஷெர்கின் என்ற வணிக நிறுவன ஊழியர் 1828 இல் கிணறு தோண்டத் தொடங்கினார்; 1837 வரை தோண்டி 116 மீட்டர் இறங்கியும் உறைந்த மண்தான் வந்தது. அந்த மண் கல்லைப் போல உறுதி, உறைந்திருக்கும் வரை. வீட்டின் சூடு கீழே இறங்கினால் சேறாகிவிடும். அதனால் யாகுத்ஸ்கிலும் நோரில்ஸ்கிலும் கட்டடங்களைத் தூண்கள் மேல் தூக்கிக் கட்டுகிறார்கள்; அடியில் குளிர்காற்று ஓடவேண்டும். குழாய்களும் மண்ணுக்கு மேலேயே, தெருக்களை வளைந்து தாண்டிப் போகின்றன. 2020 மே 29 அன்று நோரில்ஸ்கில் ஒரு எண்ணெய்த் தொட்டி சரிந்து சுமார் 21,000 டன் டீசல் கொட்டியது. மண் இளகியதைத் தொட்டிக்குச் சொந்தக்கார நிறுவனம் காரணம் காட்டியது. கட்டுமானக் குறைபாடுகளும் பின்னால் பேசப்பட்டன.

இதிலிருந்து உங்களுக்கு ஒரு நல்ல காட்சி கிடைக்கிறது. பழைய கூதிரூர்க் கொத்தனார்களுக்குத் தூண்மேல் கட்டும் வித்தை தெரியும். பிற்காலத்தில் ஒரு செல்வந்தர் தெற்கத்திப் பாணியில் தரையோடு ஒட்டிய மாளிகை கட்டி, தரைக்கடியில் சூட்டுக் கால்வாய் ஓட்டினார். ஐம்பது ஆண்டுகளில் மாளிகையின் நடுப்பகுதி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. ஊரிலேயே அதிகம் சூடாக இருந்த வீடுதான் முதலில் சரிந்தது. ஏழைகளின் குடிசைகள் நேராக நிற்கின்றன. பாழடைந்த ஊரை வருணிக்கும்போது எல்லாவற்றையும் ஒரே மாதிரி இடித்துப் போடாமல், எது ஏன் சாய்ந்தது என்று தெரிந்து சாய்த்தால் போதும்.

ஒரு தெருவை மட்டும் அருகில் நின்று பார்க்கலாம். தை மாதத்து விடியல் என்று வையுங்கள், தச்சர் தெரு, இரு பக்கமும் இருபது வீடுகள். எதில் ஆள் இருக்கிறது, எதில் இல்லை என்று உங்கள் நாயகன் கதவைத் தட்டாமலே சொல்லிவிட முடியும். கூரை விளிம்பில் பனிக்கட்டி விழுதுகள் தொங்கினால் உள்ளே அடுப்பு எரிகிறது. கூரை வழியாகச் சூடு கசிந்து அடிப்பனியை உருக்க, வழிந்த நீர் விளிம்புக்கு வந்ததும் மறுபடி உறைகிறது. விழுது தடிமனாக இருந்தால் அது விறகை வீணாக்கும் வீடு, அல்லது கூரை ஓட்டையான வீடு. கூரையில் பனி முழங்கால் உயரம் கலையாமல், விழுதே இல்லாமல் இருந்தால் இரண்டில் ஒன்று: உத்தரத்துக்கு மேல் வைக்கோலும் பாசியும் திணித்த சிக்கனக்காரர் வீடு, அல்லது செத்த வீடு. ஜன்னலைப் பாருங்கள். உள்பக்கக் கண்ணாடியில் பனிப்பூ படர்ந்திருந்தால் மூச்சு விடும் ஆள் இருக்கிறார், சூடு போதவில்லை. கண்ணாடி தெளிவாக, காய்ந்து இருந்தால் உள்ளே யாரும் இல்லை. புகைபோக்கியைச் சுற்றி இரண்டடிக்குப் பனி உருகிக் கருத்திருக்கிறதா? கதவின் கைப்பிடியில் துணி சுற்றியிருக்கிறதா? வெறுங்கையால் இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். குடியிருக்கிற வீட்டுக்காரர் கட்டாயம் எதையாவது சுற்றிவைத்திருப்பார். கதவு உள்பக்கமாகத் திறக்கும்படி இருக்கிறதா? வெளிப்பக்கம் திறக்கும் கதவை ஓரிரவுப் பனி அடைத்துவிடும்.

உங்கள் திருடன் இவ்வளவையும் படிக்கத் தெரிந்தவனாக இருக்க வேண்டும். அவன் திருடுவதும் தங்கத்தை அல்ல. கூதிரூரில் யாரிடமும் தங்கம் இருக்காது, இருந்தால் தெற்கே போயிருப்பார்கள். அவன் திருடுவது விறகு, கரி, கதவு, தரைப்பலகை, படிக்கட்டு. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் ரஷ்யாவின் லெனின்கிராடு நகரத்தை முற்றுகையிட்டிருந்தபோது, 1942 இல் எரிபொருளுக்காக நகரத்தின் மரவீடுகளைப் பிரித்தெடுத்தார்கள். நாற்காலி மேசைகளும் புத்தகங்களும் அதற்கு முன்பே அடுப்புக்குப் போயிருந்தன. முற்றுகை இல்லாத ஊரிலும் மெதுவாக இதே நடக்கும். முந்நூறு ஆண்டு பழைய நகரத்தைச் சுற்றி ஒரு நாள் நடைதூரத்துக்கு மரமே மிஞ்சாது. வடக்கே மரம் வளரும் வேகம் மிகக் குறைவு, ஒரு தலைமுறையில் வெட்டியது இரண்டு தலைமுறையிலும் திரும்பி வராது. அப்போது ஆளில்லாத வீடுதான் பக்கத்தில் கிடைக்கும் காடு. கூதிரூர் தன்னையே எரித்துக் குளிர்காய்ந்துகொண்டிருக்கிறது. ஊர் இப்படிச் சிதைந்திருப்பதற்கு டிராகனைவிட நல்ல காரணம் இது.

அப்படிச் செய்தால் சட்டம் வரும். காலி வீட்டை யார் பிரிக்கலாம்? வீடு காலி என்று யார் அறிவிப்பது? மூன்று நாள் புகை வராத வீடு காலி என்று ஒரு விதி வைத்தால், நான்கு நாள் காய்ச்சலில் படுத்து அடுப்பு மூட்ட முடியாத கிழவியின் கதி என்ன? ஒரு முழுக் கதை இங்கே கிடக்கிறது. நீங்கள் வாள்சண்டையில் நேரத்தைக் கழிக்கிறீர்கள்.

வீட்டுக்குள் வந்தாலும் அனலை வைத்தே மரியாதை. வட சீனத்தில் காங் என்ற செங்கல் மேடை உண்டு. சமையல் அடுப்பின் புகை அதற்குள் ஓடிப் போகும், மேலே குடும்பமே படுத்துக்கொள்ளும். அடுப்புக்கு அருகே உள்ள முனை பெரியவர்களுக்கும் விருந்தினருக்கும். ரஷ்யக் கிராமத்துக் கல்லடுப்பின் மேல்தளமும் கிழவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒதுக்கிய படுக்கை. லடாக்கில் பழைய வீடுகளின் கீழ்த்தளத்தில் மாடும் ஆடும் நிற்கும், அவற்றின் உடல்சூடு மேலே ஏறும். காஷ்மீரில் காங்கிரி என்ற கரிச்சட்டியைப் பிரம்புக் கூடைக்குள் வைத்து, ஃபெரன் அங்கிக்குள் வயிற்றோடு அணைத்துக்கொண்டே வெளியில் நடமாடுகிறார்கள். காலமெல்லாம் அப்படிச் சுட்டுச்சுட்டு தொடையிலும் வயிற்றிலும் புற்று வருவதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இதில் எதையும் அப்படியே தூக்கிக் கதையில் போட வேண்டாம். மருமகள் படுக்கும் இடம் அடுப்பிலிருந்து எத்தனை முழம் என்று மட்டும் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

இவ்வளவு நெருப்பு எரியும் மர ஊரில் குளிர்காலம்தான் தீவிபத்துக் காலம். நார்வேயின் ஓலெசுன் நகரம் 1904 ஜனவரி 23 அன்று நள்ளிரவுக்குப் பின் புயல்காற்றில் பற்றி எரிந்தது. சுமார் 850 வீடுகள் போயின, பத்தாயிரம் பேர் நடுக்குளிரில் வீதியில் நின்றார்கள். இறந்தது ஒருவர் மட்டுமே. கூதிரூரில் ஆறும் கிணறும் உறைந்திருக்க, வாளிக்கு நீர் எங்கே? தீயணைப்பு என்றால் பக்கத்து வீட்டைக் கோடரியால் சாய்ப்பதுதான்.

குளிரை உடம்பில் உணர வைப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். நம்மில் பலருக்குக் குளிர் என்றால் ஊட்டி மார்கழி: ஈரம், மூடுபனி, நனைந்த கம்பளி. அதைப் பத்தால் பெருக்கினால் வடகோடி வராது. உண்மையான கடுங்குளிர் வறண்டது, தெளிவானது, பெரும்பாலும் காற்றற்றது. ஜனவரியில் சராசரி மைனஸ் 38 டிகிரி வரை போகும் யாகுத்ஸ்கில் ஆண்டு முழுவதுக்குமான மழையும் பனியும் சேர்த்தே சென்னையின் ஒரு நல்ல நவம்பர் அளவுக்கு வராது. ஆகவே நிரந்தரப் பனிப்புயலை நிறுத்துங்கள். பனி கொட்டும் நாள் ஒப்பீட்டளவில் கதகதப்பான நாள், கூதிரூர்க்காரர்கள் அன்று கடைக்குப் போவார்கள். வானம் துல்லியமாக நீலமாக இருக்கும் நாளில்தான் பயப்படுவார்கள். மூச்சை இழுத்ததும் மூக்கு மயிர் ஒன்றோடொன்று ஒட்டும். இமை ஈரம் உறைந்து, கண்ணை மூடித் திறக்க ஒரு கணம் தாமதமாகும். காலடியில் பனி மென்மையாக அமுங்காமல் கிறீச்சிடும், குளிர் ஏற ஏற ஒலி கூர்மையாகும். வாசனை இல்லாமல் போகும். குப்பையும் கழிவும் கூட நாறாது. கதவைத் திறந்து வீட்டுக்குள் கால் வைத்ததும் முட்டைக்கோசு, வியர்வை, புகை, ஈரத்தோல் எல்லாம் மொத்தமாக முகத்தில் அடிக்கும். யாகுத்ஸ்கில் கடுங்குளிர் நாட்களில் புகைபோக்கி, வண்டி, மனித மூச்சு இவற்றின் ஆவி காற்றிலேயே உறைந்து மூடுபனியாக நகரத்தின் மேல் தொங்கும். கூதிரூரில் அந்த மூடுபனி ஊர் நடுவில் மட்டும் நிற்கட்டும். தூரத்தில் குன்றின்மேல் வரும் வழிப்போக்கனுக்கு, இவ்வளவு பெரிய மதிலுக்குள் உயிரோடு இருப்பது எவ்வளவு சிறிய பகுதி என்று அது காட்டிக்கொடுக்கும்.

தண்ணீர், கழிவு, பிணம் மூன்றையும் எழுதாமல் எந்த நகரத்தையும் எழுத முடியாது. யாகுதியக் கிராமங்களில் குளிர்காலத் தொடக்கத்தில் ஏரிப்பனியைப் பாளம்பாளமாக அறுத்து வாசலில் அடுக்கிவிடுவார்கள். தேவைக்கு ஒன்றை உள்ளே கொண்டுவந்து உருக்கிக்கொள்வார்கள். கழிப்பிடக் குழியில் கழிவு கூம்பாக உறைந்து மேலேறும், கடப்பாறையால் இடித்துச் சாய்க்க வேண்டும். கூதிரூரின் கடைநிலைக் கூலிவேலை இதுதான். உறைந்த மண்ணில் குழி வெட்ட முடியாது. மேலே நெருப்பு மூட்டி மண்ணை இளக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டலாம், அதற்கு விறகு வேண்டும். வசதியில்லாதவர்கள் பிணத்தை வசந்தம் வரை ஒரு கொட்டகையில் வைத்திருப்பார்கள். வட அமெரிக்காவின் குளிர்ப் பகுதிகளில் அதற்கென்றே கல்லறைத் தோட்டங்களில் அறை கட்டியிருந்தார்கள். ஆக, பணக்காரர் செத்தால் மறுநாள் அடக்கம், ஏழை செத்தால் பங்குனியில்.

சாப்பாட்டை அதிகம் விரிக்கத் தேவையில்லை. உங்கள் சத்திரத்தில் பழமும் புதுரொட்டியும் பரிமாறுவதை மட்டும் எடுத்துவிடுங்கள். ஆண்டீஸில் உருளைக்கிழங்கை இரவுப்பனியில் உறையவிட்டு, பகலில் காலால் மிதித்து நீரை வெளியேற்றி, வெயிலில் உலர்த்தி சுன்யோ செய்வார்கள். வருடக்கணக்கில் கெடாது. பொத்தோசியின் சுரங்கக் கூலிகளின் வயிற்றை நிரப்பியது அதுதான். அதை விற்றே பெரும் பணம் சேர்த்தவர்களும் இருந்தார்கள். வெள்ளி தோண்டியவனைவிடக் கிழங்கு விற்றவன் பிழைத்துக்கொண்டான் என்பது கூதிரூரின் பழைய குடும்பங்களைப் பற்றி உங்களுக்கு ஏதாவது யோசனை தரலாம்.

கிழ மந்திரவாதியிடம் ஒரு சிக்கல் இருக்கிறது. விரல் சொடுக்கினால் தீ வரும் என்றால் நான் மேலே சொன்ன எதுவும் நிற்காது. விறகுக்கு மதிப்பில்லை, ஊர் சுருங்கக் காரணமில்லை. ஆகவே அவருடைய வித்தைக்கு எல்லை வையுங்கள். ஒரே ஒரு உலையை அவர் அணையாமல் வைத்திருக்கிறார், அதன் வெந்நீர்க் கால்வாய் ஒரு காலத்தில் பதினெட்டுத் தெருக்களுக்குப் போயிற்று, இப்போது நாலுக்குத்தான் எட்டுகிறது என்று வைத்தால் அவர் வெறும் அலங்காரமாக இருக்க மாட்டார். ஒவ்வொரு ஐப்பசியிலும் ஊர்ச்சபை கூடி எந்தக் கால்வாயை அடைப்பது என்று முடிவு செய்யும். அந்தக் கூட்டத்தில்தான் உங்கள் கதை தொடங்க வேண்டும். பனிப்புயலோடு தொடங்கும் கதைகள் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன.

கோடை ஒன்று உண்டு என்பதையும் மறக்காதீர்கள். யாகுத்ஸ்கின் பதிவான மிகக்குறைந்த வெப்பம் மைனஸ் 64.4, மிக அதிகம் 38.4, ஒரே ஊரில் நூறு டிகிரிக்கு மேல் வித்தியாசம். கோடையில் கொசு, சேறு, தூங்கவிடாத வெளிச்சம். குளிர்காலம் மறைத்து வைத்த அத்தனை குப்பையும் அப்போது நாறும். கூதிரூர் அசிங்கமாகத் தெரிவது அந்த இரண்டு மாதங்களில்தான்.

கடைசியாக மூன்றாம் அத்தியாயத்துப் படை. குளிர்காலத்தில் ஊர் வெளியுலகிலிருந்து துண்டிக்கப்பட்டிருக்கிறது, பனி விலகியதும் படை வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நேர்மாறாக மாற்றுங்கள். வடக்கே குளிர்காலம்தான் பயணக் காலம்; சதுப்பு இறுகிவிடும், ஆறு சாலையாகிவிடும். யாகுத்ஸ்கில் லேனா ஆற்றுக்குப் பாலம் இல்லாமலே பல தலைமுறை குளிர்காலங்களில் உறைந்த ஆற்றின்மேல் வண்டி ஓட்டினார்கள், கோடையில் படகு. ஆறு உறையத் தொடங்கும் வாரங்களிலும் பனிப்பாளம் உடையும் வாரங்களிலும் மட்டும்தான் இரண்டும் இல்லாமல் மாட்டிக்கொள்வார்கள். உங்கள் குதிரைப்படை வசந்தத்தில் கிளம்பினால் முதல் நாளே வயிறு வரை சேற்றில் புதையும். மாசியில், ஆற்றுப்பனி இன்னும் தடிமனாக இருக்கும்போது வரட்டும். ஆனால் பனி உடைவதற்குள் ஊரைப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் திரும்பிப் போக வழியில்லை. ஊர்க்காரர்களுக்கும் அது தெரியும். மதிலைக் காக்க அவர்களிடம் ஆள் இல்லை. ஆனால் எத்தனை நாள் இழுத்தடித்தால் போதும் என்று ஆற்றங்கரை மீனவன் ஒருவன் பனியைத் துளைத்துப் பார்த்துச் சொல்லிவிடுவான்.